வாந்திபேதி நின்ற பிறகும் தேறாத வயிறு: பாலும் கோதுமையும் ஒத்துக்காதவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறேன். எனக்குப் பால் சின்ன வயதிலிருந்தே ஒத்துக்காது. கோதுமை விஷயம் ஒன்பது வருடத்துக்கு முன்னால் தெரிந்தது, ரத்தப் பரிசோதனையும் எண்டோஸ்கோப்பியும் பார்த்து சீலியாக் (கோதுமையில் இருக்கும் ஒரு புரதத்தால் குடல் கெடும் நோய்) என்று சொன்னார்கள். போன சித்திரையில் குடியாத்தத்தில் ஒரு வளைகாப்புக்குப் போய் வந்தோம். மறுநாள் ராத்திரி வாந்தி ஆரம்பித்தது, விடிவதற்குள் பேதியும் சேர்ந்துகொண்டது. அதே பந்தியில் உட்கார்ந்த வீட்டுக்காரர், நாத்தனார், அவருடைய பிள்ளைகள் எல்லாருமே படுத்தார்கள், ஆனால் நான்காவது நாள் அவர்கள் எழுந்து சாம்பார் சாதம் சாப்பிட்டார்கள். நான் பழையபடி சாப்பிட ஏழு வாரம் ஆயிற்று. அதிலிருந்து தெரிந்தவர்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஆனால் எனக்குப் போன் வருகிறது. நான் டாக்டர் இல்லை. பட்டதையும், டாக்டரிடம் திரும்பத் திரும்பக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

எல்லாருக்கும் மூன்று நாளில் சரியாகிவிட்டது. எனக்கு மட்டும் ஏன் மூன்று வாரமாகியும் சரியாகவில்லை?

வைரஸ் போய்விட்டது, அது செய்துவிட்டுப் போன சேதம் இன்னும் ஆறவில்லை, அவ்வளவுதான். நோரோ வைரஸ் போன்றவை பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நாள் படுத்திவிட்டு அடங்கிவிடும். ஆனால் போவதற்குள் சிறுகுடலின் உட்சுவரில் இருக்கும் குடலுறிஞ்சிகளைப் புண்ணாக்கிவிடும். வெல்வெட் துணியின் மேல் இருக்கும் இழை மாதிரி நெருக்கமாக நிற்பவை அவை. பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் நொதி அந்த இழைகளின் நுனியில்தான் இருக்கிறது, முதலில் அடிபடுவதும் அந்த நுனிதான். குடலின் செல்கள் நான்கைந்து நாளில் புதிதாக வந்துவிடும். ஆனால் நாற்று நட்டவுடன் வயல் பச்சையாகத் தெரிகிறதே, அதற்காக மறுநாளே கதிர் அறுக்க முடியுமா? புது செல் முதிர்ந்து பழைய அளவுக்கு நொதி சுரக்க இரண்டு மூன்று வாரம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும்.

இது யாருக்கும் நடக்கும். பால் நன்றாக ஒத்துக்கொள்கிறவர்களுக்கே வாந்திபேதிக்குப் பிறகு கொஞ்ச நாள் பால் ஒத்துக்காமல் போவது சகஜம். நம்மிடம் முதலிலேயே இருப்பு குறைவு, அதிலும் பாதி போய்விடுகிறது. சீலியாக் இருப்பவர்களில் நிறையப் பேருக்குக் கோதுமையை நிறுத்திப் பல வருடமானாலும் உறிஞ்சிகள் முழுசாகத் தேறியிருக்காது, அப்படிப்பட்ட குடலின் மேல் இன்னொரு அடி விழுந்தால் நாள் பிடிக்கத்தான் செய்யும். "நீ ரொம்ப அலட்டிக்கிறே" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

ஒத்துக்காமையும் அலர்ஜியும் ஒன்றுதானா?

இல்லை. பால் ஒத்துக்காவிட்டால் வயிறு உப்பும், கடகடவென்று சத்தம் போடும், பேதியாகும், உயிருக்கு ஆபத்து கிடையாது. அலர்ஜி என்றால் தோல் தடிக்கும், உதடு வீங்கும், மூச்சு முட்டலாம், அதற்கு ஒரு சொட்டு கூடப் போதும். சீலியாக் இந்த இரண்டிலும் சேராது. கோதுமை, பார்லியில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் உடம்பின் எதிர்ப்பு சக்தியே குடலைத் தாக்குகிற நோய் அது. ஆகவே பால் ஒத்துக்காதவர் தேறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பால் பொருட்களைச் சோதித்துப் பார்க்கலாம், சீலியாக் இருப்பவர் கோதுமையை எந்தக் காலத்திலும் சோதித்துப் பார்க்கக் கூடாது. கீழே நான் "கொஞ்சம் சாப்பிட்டுப் பாருங்கள்" என்று எழுதும் இடமெல்லாம் முதல் ரகத்தாருக்குத்தான்.

முதல் இரண்டு நாள் என்ன குடிப்பது?

ஓ.ஆர்.எஸ். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதில் இருப்பது குளுக்கோஸ், சாதாரண உப்பு, பொட்டாசியம் உப்பு, சிட்ரேட், இவ்வளவுதான். பாலும் இல்லை, கோதுமையும் இல்லை. குடல் புண்ணாகிக் கிடக்கும்போதும் குளுக்கோஸையும் உப்பையும் சேர்த்து உள்ளே இழுக்கும் வழி வேலை செய்துகொண்டுதான் இருக்கும், அவை போகும்போது தண்ணீரையும் கூட இழுத்துக்கொண்டு போகும். வெறும் தண்ணீருக்கும் சும்மா சர்க்கரைத் தண்ணீருக்கும் இந்தப் பலன் கிடையாது. 1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தில் இருக்கும் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நேரத்தில் டாக்டர் திலீப் மஹலானாபிஸ் டிரம்மில் இந்தக் கரைசலைக் கலந்து வாய் வழியாகவே கொடுத்து ஏராளமானவர்களைக் காப்பாற்றினார். அந்தக் கதையைக் கேட்டதிலிருந்து எனக்கு இந்தப் பொட்டலத்தின் மேல் தனி மரியாதை.

மூன்று விஷயம் கவனியுங்கள். பொட்டலம் ஒரு லிட்டருக்கா 200 மில்லிக்கா என்று படித்துவிட்டுக் கலக்குங்கள், மெடிக்கலில் இரண்டும் கிடைக்கும், மாற்றிக் கலந்தால் உப்பு ஏறிவிடும் அல்லது ஒன்றுக்கும் உதவாது. அப்புறம், ஓ.ஆர்.எஸ். என்று பெயரில் மட்டும் வைத்துக்கொண்டு டப்பாவில் விற்ற பழச்சாறு மாதிரி இனிப்புப் பானங்கள் வேறு, இது வேறு. அந்தப் பெயரை அப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று 2025இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவு போட்டது. அதிக சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். மூன்றாவது, வாந்தி எடுத்தவுடன் குடிக்காதீர்கள், பத்து நிமிஷம் விட்டு ஒரு ஸ்பூன், இரண்டு நிமிஷம் கழித்து இன்னொரு ஸ்பூன். நான் முதல் ராத்திரி தாகத்தில் ஒரு சொம்பு மொத்தமாகக் குடித்தேன், அப்படியே திரும்பி வந்தது.

பொட்டலம் இல்லாத நேரத்தில் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு முக்கியம், கைக்கணக்கு வேண்டாம். இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு, சோடியம் குறைவு, அதனால் கூடக் குடிக்கலாமே தவிர அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. நம் ஊர் வெயில் உங்களுக்கே தெரியும். அக்னி நட்சத்திரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாலே உடம்பிலிருந்து தண்ணீர் போகும், பேதியும் சேர்ந்தால் சாயங்காலத்துக்குள் ஆள் துவண்டுவிடுவார். சிறுநீர் என்ன நிறத்தில் போகிறது என்று பாருங்கள். இளமஞ்சளாக இருந்தால் சரி. கடுங்காப்பி நிறத்துக்கு வந்தால், அல்லது ஆறு மணி நேரமாகப் போகவே இல்லையென்றால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.

பார்க்க வருகிறவர்கள் பிரெட், ரஸ்க், ஹார்லிக்ஸ் வாங்கி வருகிறார்கள். ஒரு துண்டு சாப்பிட்டால் என்ன?

வேலூர் ஆஸ்பத்திரி ஊர். நோயாளி என்றாலே பிரெட் பாக்கெட்டும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் என்று எல்லார் மனதிலும் பதிந்துவிட்டது, அன்போடுதான் வாங்கி வருகிறார்கள். ஆனால் பிரெட், பன், ரஸ்க் எல்லாம் மைதா. மேரி பிஸ்கட்டில் மைதாவோடு பாலும். ஹார்லிக்ஸில் கோதுமை, பார்லி மால்ட், பால் மூன்றுமே இருக்கிறது, நம்மைப் போன்றவர்களுக்கு வேண்டாததையெல்லாம் தேடிப் பிடித்து ஒரே பாட்டிலில் போட்ட மாதிரி. "கட்டியாக இருக்கும், பேதியை நிறுத்தும்" என்று சொல்லி ரவைக் கஞ்சி கொடுப்பார்கள், அதுவும் கோதுமைதான். சேமியாவும் அப்படியே.

சீலியாக் நம் பக்கத்தில் குறைவு. இந்தியாவில் நடந்த ஒரு பெரிய ஆய்வில் வடக்கே நூற்றுக்கு ஒருவருக்கு மேல் இருந்தது, தெற்கே வேலூரில் பார்த்தபோது ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் இருந்தது. அதனால் சித்திக்கும் பெரியம்மாவுக்கும் இது புரியாததில் தப்பில்லை. நான் விளக்கம் சொல்லிக் களைத்துப் போய்க் கடைசியில் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்: யார் வருவதாகப் போன் செய்தாலும் "இரண்டு வாழைப்பழம், இல்லன்னா ஒரு இளநி வாங்கிட்டு வாங்க" என்று அவரே சொல்லிவிட வேண்டும். வாங்கி வருகிறவர்களுக்கும் அது சந்தோஷம்.

என்ன கஞ்சி, எப்போதிலிருந்து?

வாந்தி நின்று நாலைந்து மணி நேரம் ஆனதும் ஆரம்பிக்கலாம். பசி எடுத்தால் பட்டினி போட வேண்டாம், பட்டினி போட்டால் குடல் ஆறுவது இன்னும் தள்ளிப்போகும். பச்சரிசி நொய், உப்பு, நிறையத் தண்ணீர், நன்றாகக் குழைய விட்டு மேலாக இருக்கும் கஞ்சித் தண்ணீரை முதலில், அடியில் இருக்கும் சோற்றை அடுத்த வேளையில். சீரகத்தைத் தட்டிப் போட்டு வேகவிடலாம். ஜவ்வரிசிக் கஞ்சியும் நல்லது, சேலம் பக்கத்து மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருவது, குளூட்டன் கிடையாது, தண்ணீரில் காய்ச்சிக் கொஞ்சம் உப்பு போட்டால் போதும், பால் வேண்டாம்.

சத்துமாவுக் கஞ்சி வேண்டவே வேண்டாம். கடையில் வாங்கும் சத்துமாவில் கோதுமை அநேகமாக இருக்கும், இல்லாவிட்டாலும் பருப்பு, கொட்டை, பயறு என்று பதினைந்து சாமான் சேர்ந்தது புண்ணான குடலுக்குப் பாரம், எது ஒத்துக்கவில்லை என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

கேழ்வரகு நம் மண்ணின் சாப்பாடு, குளூட்டன் இல்லாதது, ஆனால் நார் அதிகம். எங்க ஆயா களி கிண்டித்தான் எங்களை வளர்த்தார்கள், அந்தப் பாசத்தில் நான் ஆறாவது நாளே ஒரு உருண்டை விழுங்கினேன், ராத்திரி முழுக்க வயிறு இழுத்துப் பிடித்தது. மூன்றாவது வாரம் தெளிவாகக் கரைத்துக் காய்ச்சிய கூழாகக் குடித்தபோது ஒன்றும் செய்யவில்லை. இன்னொன்று, சீலியாக் இருப்பவர்கள் மாவு மில்லைக் கவனிக்க வேண்டும். முந்தி யாரோ கோதுமை அரைத்துவிட்டுப் போன மெஷினில் நம் கேழ்வரகைக் கொட்டினால் முதலில் வருவது அவர்கள் மாவு. நான் வீட்டு மிக்சியில் அரைத்துச் சலித்துக்கொள்கிறேன், தொல்லைதான், வேறு வழி இல்லை.

பழைய சோறு நல்லதா?

இந்தக் கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்ல ஆசை, ஏனென்றால் இதில் நம் ஊரின் பங்கு இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், அதாவது சி.எம்.சி.யில், டாக்டர் ராமகிருஷ்ணாவும் கூட இருந்தவர்களும் காலரா நோயாளிகளுக்கு ஓ.ஆர்.எஸ்.ஸோடு எளிதில் செரிக்காத ஒருவகை மாவுச்சத்தைக் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள், முடிவு 2000இல் வெளியானது. பேதியின் அளவும் குறைந்தது, நின்ற நேரமும் சீக்கிரமானது. காரணம் இதுதான்: அந்த மாவுச்சத்து சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகிறது, அங்கே இருக்கும் நல்ல பாக்டீரியா அதைப் புளிக்கவைத்துச் சின்னச் சின்னக் கொழுப்பு அமிலங்களாக்குகிறது, அந்த அமிலங்கள் பெருங்குடல் உப்பையும் தண்ணீரையும் திரும்ப உறிஞ்ச உதவுகின்றன. அவர்கள் கொடுத்தது மக்காச்சோள மாவு, பழைய சோறு இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் வடித்து ஆறவைத்த சோற்றில் இந்த வகை மாவுச்சத்து சூடான சோற்றில் இருப்பதைவிடக் கூடுதலாக இருக்கும் என்பது உண்மை.

அதற்காக இரண்டாவது நாளே நீராகாரத்தில் இறங்காதீர்கள். நம் ஊர்க் கோடையில் அடுப்பு மேடையில் விட்ட சோற்றில் வேண்டாத கிருமியும் வளரும், நல்ல குடல் தாங்கும், புண்ணான குடல் தாங்காது. நான் பத்து நாள் கழித்து ஆரம்பித்தேன். சோறு வடித்த ஒரு மணி நேரத்துக்குள் கொதித்து ஆறிய தண்ணீர் ஊற்றி, மூடி ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் வெளியே எடுத்துக் குளிர் விட்டதும் உப்பு போட்டு. மோர் ஊற்றவில்லை. சின்ன வெங்காயமும் கடிக்கவில்லை, வெங்காயமும் பூண்டும் இந்தச் சமயத்தில் நிறையப் பேருக்கு வாயுவைக் கிளப்பும். உண்மையில் ருசியே இல்லை, ஆனால் வயிறு அன்றைக்குத்தான் முதல் முறையாக அமைதியாக இருந்தது.

மோர் குடி, மோர் குடி என்கிறார்கள். குடிக்கலாமா?

நல்ல மோர் பாலைவிட எவ்வளவோ தேவலை, அதை மறுக்கவில்லை. உறையும்போது பாக்டீரியா லாக்டோஸில் ஒரு பங்கைச் சாப்பிட்டுவிடுகிறது, மீதியைச் செரிக்கவும் வயிற்றுக்குள் உதவுகிறது, தண்ணீர் ஊற்றிக் கடைந்தால் இன்னும் நீர்த்துவிடும். தென்னிந்தியர்களில் பாதிப் பேருக்கு மேல் லாக்டோஸ் முழுசாகச் செரிக்காது, அப்படியும் நாம் தலைமுறை தலைமுறையாக மோர் குடித்து வருகிறோமே, இதனால்தான். ஆனால் வாந்திபேதி முடிந்த முதல் இரண்டு வாரம் நமக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. நான் இருபதாவது நாள் புளித்த தயிரில் இரண்டு ஸ்பூன் எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தேன், வெறும் வயிற்றில் இல்லை. இரண்டு நாள் பார்த்தேன், உப்பவில்லை, பிறகு நான்கு ஸ்பூன்.

பால் டீ இல்லாமல் தலைவலிக்கிறது என்பவர்களுக்கு: வரக்காப்பியோ, பால் போடாத இஞ்சி டீயோ லேசாக, வாந்தி சுத்தமாக நின்ற பிறகு, ஒரு நாளைக்கு ஒன்று. நெய்யில் லாக்டோஸ் கிட்டத்தட்ட இல்லை, இரண்டாவது வாரத்தில் சோற்றுக்கு அரை ஸ்பூன் விட்டால் பலம். அதற்கு முன்னால் எந்தக் கொழுப்பும் ஓட்டமாக ஓடிவிடும்.

ரசமாவது சாப்பிடலாம்தானே?

எந்த ரசம்? பெருங்காயத்தூள் டப்பாவைத் திருப்பி எழுத்தைப் படியுங்கள், பெரும்பாலானவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், கூட்டுப் பெருங்காயம் என்றால் அதுதான் அர்த்தம். எனக்கு சீலியாக் என்று தெரிந்து முதல் ஒரு வருடம் ரத்தத்தில் பார்க்கும் எதிர்ப்பொருள் அளவு இறங்கவே இல்லை, கடைசியில் பிடிபட்டது இந்தச் சிட்டிகைதான். பெருங்காயம் விட்டு, பருப்புத் தண்ணீர் விட்டு, பூண்டு விட்டு, மிளகைப் பாதியாக்கி, சீரகத்தைக் கூட்டி, புளியை நன்றாகக் குறைத்து வைத்தால் ஒரு வாரத்துக்குப் பிறகு தெளிவை மட்டும் சோற்றில் விட்டுக்கொள்ளலாம்.

மாத்திரை மருந்தில் ஏதாவது பார்க்க வேண்டுமா?

வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. மெடிக்கலில் நீங்களே கேட்டு வாங்கிப் போட்டால் குடலில் மிச்சம் இருக்கும் நல்ல பாக்டீரியாவும் போய்விடும். பேதியைச் சட்டென்று நிறுத்தும் லோபரமைடு மாத்திரையை ஜுரமோ மலத்தில் ரத்தமோ இருக்கும்போது தொடவே கூடாது, குழந்தைகளுக்குக் கொடுக்கவும் கூடாது. நிறைய மாத்திரைகளில் லாக்டோஸ் கலந்திருப்பது உண்மைதான், ஆனால் அது மிகக் கொஞ்சம், பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாது, அந்தப் பயத்தில் தினசரி மாத்திரையை விட்டுவிடாதீர்கள். சர்க்கரை சேர்க்காத சிரப்புகளில் இருக்கும் சார்பிட்டால் என்ற இனிப்புப் பொருள்தான் பேதியைக் கூட்டக்கூடியது, அதைச் சொல்லி மாற்றிக் கேளுங்கள்.

சர்க்கரை நோய்க்கும் பிரஷருக்கும் மாத்திரை போடுகிறவர்கள் வாந்திபேதி ஆரம்பித்த அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்துவிடுங்கள். உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கும்போது சில மாத்திரைகளை அவர்கள் இரண்டு மூன்று நாள் நிறுத்தச் சொல்வார்கள், அதை நாமாக முடிவு செய்யக் கூடாது.

பழைய சாப்பாட்டுக்கு எப்படித் திரும்புவது?

ஒரு நேரத்தில் ஒரே ஒரு புதுப் பொருள், அதற்கு இரண்டு மூன்று நாள் அவகாசம். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். ஒரு பழைய டைரி எடுத்து என்ன சாப்பிட்டேன், எவ்வளவு, வயிறு என்ன சொன்னது என்று எழுதினேன். எனக்கு வந்த வரிசை இது: ஐந்தாவது நாள் ஒரு இட்லி, தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாமல். பிறகு பழுத்த வாழைப்பழம் பாதி, வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு, கேரட். இரண்டாவது வாரம் அவித்த முட்டை, தோலும் விதையும் நீக்கிய சுரைக்காய், புடலங்காய். மூன்றாவது வாரம் கோழியை வேகவைத்த தண்ணீர், அப்புறம் கொஞ்சம் கறி. பாசிப்பருப்பு நான்காவது வாரம், துவரம்பருப்பு அதற்கும் பிறகு. உங்கள் வரிசை வேறாக இருக்கும். ஏதாவது ஒன்று ஒத்துக்கவில்லையென்றால் அதை மட்டும் விட்டு இரண்டு நாள் கஞ்சிக்குத் திரும்பி, வேறொன்றை முயற்சி செய்யுங்கள்.

இதில் இரண்டு பக்கமும் தப்பு நடக்கிறது. அவசரப்பட்டு ஐந்தாவது நாள் ஆம்பூர் பிரியாணியில் கை வைக்கிறவர்கள் ஒரு பக்கம். சீரக சம்பாவில் கோதுமை இல்லைதான், ஆனால் கறி ஊறியது தயிரில், மிளகாய் விழுது, எண்ணெய், கூடவே தயிர்ப் பச்சடி. ஒரு மாதம் பொறுங்கள், பிரியாணி எங்கேயும் போய்விடாது. இன்னொரு பக்கம், பயந்துபோய் மாதக்கணக்கில் கஞ்சியும் இட்லியுமாகவே இருந்துவிடுகிறவர்கள். எனக்குத் தெரிந்த காட்பாடி அக்கா ஒருவர் நான்கு மாதம் அப்படி இருந்து எட்டு கிலோ இளைத்துவிட்டார். எனக்கு அதிகம் கவலை தருவது இந்த இரண்டாவது ரகம்தான். குடல் ஆறுவதற்குப் புரதம் வேண்டும், கஞ்சியில் அது மிகக் குறைவு. மெதுவாகப் போகலாம், ஆனால் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

ஆற்காடு மக்கன் பேடா பற்றியும் ஒருவர் கேட்டார். மைதாவும் கோவாவும் சேர்ந்தது, சீலியாக்காரர்களுக்கு என்றைக்கும் இல்லை, பால் மட்டும் ஒத்துக்காதவர்கள் முழுசாகத் தேறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முன்பு ஒத்துக்கொண்ட சாப்பாடெல்லாம் இப்போது ஒத்துக்கவில்லை. இனிமேல் இப்படியேதானா?

பெரும்பாலோருக்கு இல்லை. குடல் ஆற ஆறத் திரும்பிவிடும். குடல் தொற்று வந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு, கிருமி போன பிறகும் மாதக்கணக்கில் வயிற்று வலி, உப்பசம், ஒரு நாள் பேதி ஒரு நாள் மலச்சிக்கல் என்று நீடிக்கலாம். வைரஸால் வந்ததென்றால் பாக்டீரியாவால் வந்ததைவிடச் சீக்கிரம் அடங்கும் என்பது ஆறுதல். ஆகவே ஒரு மாதத்தில் ஒத்துக்காததையெல்லாம் "இனி எனக்கு ஆகாது" என்று பட்டியல் போட்டுவிடாதீர்கள், ஆறு வாரம் கழித்து இன்னொரு தடவை கொஞ்சமாகச் சோதியுங்கள்.

கோதுமை ஒத்துக்கவில்லை என்று இப்போதுதான் சந்தேகம் வந்திருக்கிறது என்றால், பரிசோதனை செய்வதற்கு முன்னால் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் ரத்தத்தில் தெரியும், நிறுத்திவிட்டுப் போனால் இருக்கிற நோயும் இல்லை என்று வரலாம். லாக்டோஸுக்கு மூச்சுக்காற்றை ஊதிப் பார்க்கும் ஹைட்ரஜன் பரிசோதனை உண்டு, அதை வாந்திபேதி முடிந்தவுடன் எடுத்தால் தற்காலிகக் குறைபாட்டையே நிரந்தரம் என்று காட்டிவிடும், இரண்டு மாதமாவது பொறுத்து எடுங்கள்.

பேதி நான்கு வாரத்தைத் தாண்டுகிறது, எடை இறங்குகிறது, நாக்கு சிவந்து எரிகிறது, களைப்பு தீரவில்லை என்றால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டுக் குடல் டாக்டரைப் பாருங்கள், பி12, ஃபோலேட் என்ற வைட்டமின்களின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். இது வட ஆற்காட்டுக்குப் புதிதில்லை. 1960களில் வேலூரைச் சுற்றிய கிராமங்களில் ஸ்ப்ரூ என்ற நோய் கொள்ளை நோயாகவே பரவி, வாந்திபேதி போல ஆரம்பித்து, சத்தே உடம்பில் ஒட்டாமல் ஆட்கள் எலும்பும் தோலுமாகிப் பலர் இறந்தும் போனார்கள். சி.எம்.சி.யில் டாக்டர் பேக்கரும் டாக்டர் மாத்தனும் ஊர் ஊராகப் போய் அதை ஆராய்ந்தார்கள். இன்றைக்கு அது அரிது, மருந்தும் இருக்கிறது. ஆனால் "வயிறுதானே, தானா சரியாகும்" என்று மாதக்கணக்கில் விடக் கூடாது.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

மலத்தில் ரத்தம், 102 டிகிரிக்கு மேல் ஜுரம், எழுந்து நின்றால் கண் இருட்டுவது, ஓ.ஆர்.எஸ். ஒரு வாய் கூட நிற்காத வாந்தி, பேச்சுக் குழறல், விடாத வயிற்று வலி. இதில் ஒன்று இருந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வயதானவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் என்றால் இன்னும் முன்னாலேயே போய்விடுங்கள். போனதும் முதலில் "கோதுமை கூடாது, பால் கூடாது" என்று சொல்லி கேஸ் ஷீட்டில் எழுதவையுங்கள், இல்லாவிட்டால் காலையில் தட்டில் பிரெட்டும் பாலும்தான் வரும்.

குழந்தைக்கு வந்தால்?

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். அதில் லாக்டோஸ் இருக்கிறதே என்று பயந்து நிறுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது பெரிய தப்பு. ஓ.ஆர்.எஸ்.ஸோடு துத்தநாக மாத்திரை 14 நாள் கொடுக்கச் சொல்வார்கள், பேதி நின்றாலும் முடியும் வரை கொடுங்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். குழந்தைகளுக்குப் பேதி வரவைக்கும் ரோட்டா வைரஸுக்கான சொட்டு மருந்து ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரம். நம் நாட்டிலேயே தயாரான ரோட்டாவேக் மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்துச் சோதித்த மூன்று இடங்களில் வேலூரும் ஒன்று, டாக்டர் ககன்தீப் காங் இங்கே இருந்து செய்த வேலை அது.

வீட்டில் மற்றவர்களுக்குப் பரவாமல்?

சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கையில் தடவும் சானிடைசர் நோரோ வைரஸை ஒழுங்காகக் கொல்லாது. வாந்தி எடுத்த இடத்தைப் பிளீச்சிங் பவுடர் கரைசலால் துடையுங்கள். பேதி நின்று இரண்டு நாள் வரை மற்றவர்களுக்குச் சமைக்காதீர்கள், நம் வீடுகளில் பெண்களுக்கு இந்த ஓய்வைக் கொடுக்க மாட்டார்கள், கேட்டு வாங்குங்கள்.

ஆடி மாதம் வருகிறது. அம்மன் கோயில் கூழ் குடிக்கலாமா?

இதை என் நாத்தனாரே கேட்டார். கேழ்வரகும் அரிசி நொய்யும்தான், கோதுமை இல்லை. ஆனால் அண்டாவில் மோர் ஊற்றி வெங்காயம் போட்டுக் கரைத்துவிடுவார்கள், எத்தனை பேர் கை பட்ட சொம்பு என்றும் தெரியாது. மாவு எந்த மில்லில் அரைத்தது என்று வேறு கேட்க வேண்டும். எங்கள் தெருவில் கூழ் ஊற்றுகிறவரிடம் நான் முந்தின நாளே சொல்லி வைத்து, வீட்டில் அரைத்த மாவை ஒரு டப்பாவில் கொடுத்தேன். அவர் அதைத் தனியாக ஒரு சின்னப் பானையில் காய்ச்சி, மோர் சேர்க்காமல் ஆறவைத்து, அம்மனுக்குப் படைத்த பிறகு "இது உனக்கு" என்று எடுத்துக் கொடுத்தார். உப்பு மட்டும் போட்டு இரண்டு டம்ளர் குடித்தேன். வயிறு ஒன்றும் சொல்லவில்லை.